வரியும் நங்கூரமும்: சோவியத் கடற்கல்லூரி மாணவர்களின் சீருடை வரலாறு

தமிழில் ‘வரி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. புலியின் உடலில் கிடப்பது வரி. செய்யுளில் ஓடுவது வரி. அரசு குடிகளிடம் தண்டுவதும் வரி. இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தும் ஆடை ஒன்று உண்டென்றால், அது சோவியத் கடற்கல்லூரி மாணவன் மார்பில் அணிந்த நீல வெள்ளை வரியுடையே எனலாம். அது அவன் உடலை அடையாளப்படுத்தியது. கண்டோர் அதைத் தத்தம் விருப்பப்படி வாசித்தனர். அதை அணிவித்த அரசோ, உரிய வேளையில் அவனிடமிருந்து தன் பங்கைத் தவறாமல் தண்டிக்கொண்டது.

சீருடையின் வரலாறு பெரும்பாலும் துணிகளின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எந்தப் பொத்தான், எத்தனை அங்குலப் பட்டை என்ற கணக்கு அது. அக்கணக்கும் வேண்டியதே. ஆயினும் ஒரு தோள்பட்டை ஏன் பிய்த்தெறியப்பட்டது, கால் நூற்றாண்டு கழித்து அதே தோள்பட்டை ஏன் திரும்பத் தைக்கப்பட்டது என்ற வினாக்களுக்குத் தையற்காரரிடம் விடை இல்லை. அவ்விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

கடன் வாங்கிய கடல்

உருசியாவின் கடற்கல்வி மகா பீட்டரின் படைப்பு. 1701இல் மாஸ்கோவில் கணிதமும் கப்பலோட்டும் கலையும் பயிற்றும் பள்ளியை அவர் நிறுவினார். கடலே இல்லாத நகரில் கடற்பள்ளி தோன்றியது வியப்புத்தான். 1715இல் பீட்டர்ஸ்பர்க்கில் கடற்படைக் கழகமும், 1752இல் பிரபுக் குடும்பத்துச் சிறுவர்க்கான கடற்படைப் பயிற்சிப் பள்ளியும் உருவாயின. கப்பலின் உறுப்புகளுக்கும் கப்பலில் பணிபுரிவோர்க்கும் டச்சு மொழியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பெயர்கள் வந்தன. ஆடையும் அவ்வழியே வந்தது.

மாலுமியின் உடை இன்று நாம் அறியும் வடிவத்தை எய்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1874இல், கடற்படையின் தலைமையில் கான்ஸ்டன்டின் நிக்கலாயெவிச் கோமகன் இருந்த காலத்தில், புதிய ஒழுங்குமுறை வெளியாயிற்று. ‘தெல்னியாஷ்கா’ எனப்படும் வரி உள்ளுடை அப்போதுதான் முறைப்படி உருசியக் கடற்படைக்குள் நுழைந்தது. உடலை ஒட்டி அணிவது என்பதே அப்பெயரின் உட்பொருள். கம்பளியும் பருத்தியும் கலந்து நெய்யப்பட்ட ஆடை அது. தொடக்கத்தில் வெள்ளைப் பட்டைகள் அகலமாகவும் நீலப் பட்டைகள் குறுகலாகவும் இருந்தன. 1912இல்தான் இரண்டும் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் என ஒரே அகலம் பெற்றன. விளிம்பற்ற வட்டத் தொப்பி, அதன் பின்னே பறக்கும் இரட்டை வால் நாடா, முதுகில் சதுரமாகத் தொங்கும் நீலக் கழுத்துப்பட்டை, அதன் ஓரத்தில் மூன்று வெள்ளை வரிகள் ஆகியனவும் மாலுமியின் அடையாளங்களாக நிலைத்தன.

மூன்று வரிகளும் மூவாயிரம் கதைகளும்

அந்த மூன்று வெள்ளை வரிகள் எதைக் குறிக்கின்றன? சோவியத் கடற்கல்லூரிகளில் எந்த மாணவனைக் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லியிருப்பான். 1714இல் கங்கூட்டில் சுவீடனை வென்றது முதல் வரி. 1770இல் செஸ்மாவில் துருக்கியரை வென்றது இரண்டாவது. 1853இல் சினோப்பில் மீண்டும் துருக்கியரை வென்றது மூன்றாவது.

கேட்பதற்கு இனிய விளக்கம். ஆனால் இதே மூன்று வரிகள் பிரிட்டிஷ் மாலுமியின் கழுத்துப்பட்டையிலும் உண்டு. அவை நெல்சனின் நைல், கோபன்ஹேகன், டிரஃபால்கர் வெற்றிகளைக் குறிப்பன என்று அங்கே கதை வழங்குகிறது. நெல்சன் மாண்டது 1805இல். பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு முறைப்படியான சீருடை வகுக்கப்பட்டதோ 1857இல். பிரான்சு நாட்டு மாலுமியின் வரியுடை 1858இல் வரையறுக்கப்பட்டது. அதன் இருபத்தொரு வரிகளும் நெப்போலியனின் இருபத்தொரு வெற்றிகள் என்பது அந்நாட்டுக் கதை. மூன்று நாடுகள், மூன்று கதைகள், ஒரே வகைத் துணி. வரலாற்றாசிரியர்கள் இக்கதைகளில் எதையும் ஏற்பதில்லை. ஒரு கடற்படையின் உடையைப் பார்த்து மற்றொன்று தைத்துக்கொண்டது என்பதே எளிய உண்மை.

எனினும் இக்கதைகளை வெறும் பொய் என்று தள்ளிவிடுவதற்கில்லை. வரி முதலில் வந்தது. பொருள் பின்னால் வந்தது. அணிந்தவர்கள் அதற்குப் பொருள் வேண்டினார்கள். பொருளற்ற கோட்டைத் தோளில் சுமந்துகொண்டு கடலுக்குச் செல்ல மனித மனம் ஒப்புவதில்லை போலும். இவ்வுண்மையைக் கவிஞர்கட்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிய்த்தெறிந்த பொன்

1917 பிப்ரவரிப் புரட்சியின்போது குரோன்ஸ்டாட்டிலும் ஹெல்சிங்கியிலும் மாலுமிகள் தம் அதிகாரிகள் பலரைக் கொன்றனர். பொன்னிழைத் தோள்பட்டை அன்று சாவை அழைக்கும் அடையாளமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலிலேயே தற்காலிக அரசு கடற்படையில் தோள்பட்டைகளை நீக்கிவிட்டுக் கைவிளிம்புப் பட்டைகளைக் கொணர்ந்தது. ஆக, தோள்பட்டையை முதலில் களைந்தவர்கள் போல்ஷெவிக்குகள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. டிசம்பரில் சோவியத் ஆணை மேலும் சென்று, பதவிப் பெயர்களையும் தகுதிச் சின்னங்களையும் அடியோடு ஒழித்தது. தொடர்ந்த உள்நாட்டுப் போரில் ‘பொன் தோள்பட்டையர்’ என்பது செம்படையினர் வாயில் கொடிய வசைச்சொல்லாக இருந்தது.

1918 மார்ச்சில் பழைய கடற்படைப் பள்ளி மூடப்பட்டது. ஆனால் கப்பலோட்டத் தெரிந்தோர் இன்றிக் கடற்படை ஏது? அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், வசீலியெவ்ஸ்கி தீவில் நேவா ஆற்றங்கரையிலுள்ள அதே கட்டடத்தில், கப்பற்படைத் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்புகள் தொடங்கின. ‘வகுப்பு’ என்று பொருள்படும் ‘கூர்ஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘கூர்சாந்த்’ என்ற புதுப்பெயர் மாணவனுக்கு வாய்த்தது. ‘கதேத்’ என்ற பழைய பெயரில் மேட்டுக்குடி வாடை வீசிற்று. போதாக்குறைக்கு அது புரட்சிக்கு எதிரான ஒரு கட்சியின் பெயராகவும் இருந்தது. ஆகவே சுவர்கள் பழையன, பெயர் புதிது என்ற நிலை உண்டாயிற்று. 1921 மார்ச்சில் குரோன்ஸ்டாட் மாலுமிகள் சோவியத் அரசுக்கெதிராகக் கிளர்ந்தபோது, உறைந்த கடலின் மீது நடந்து சென்று அவர்களை ஒடுக்கிய படைகளில் செம்படைக் கூர்சாந்துகளும் இருந்தனர். புதிய பெயர் இரத்தத்தில் நனைவதற்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை.

பழைய உடை அதற்குள் வேறோர் இடத்தில் உயிர்வாழ்ந்துகொண்டிருந்தது. 1920 நவம்பரில் தளபதி விராங்கெலின் தோற்ற படைகளை ஏற்றிக்கொண்டு கிரிமியாவை விட்டகன்ற கப்பல்களில் செவஸ்தபோல் கடற்படைப் பள்ளி மாணவர்களும் சென்றனர். வட ஆப்பிரிக்காவில் தூனிசியாவின் பிசர்த்தா துறைமுகத்தில் அக்கப்பல்கள் ஒதுங்கின. குன்றின் மேலிருந்த பிரெஞ்சுக் கோட்டை ஒன்றில் பள்ளி தொடர்ந்து நடந்தது. இல்லாத நாட்டின் தோள்பட்டை அணிந்து, இல்லாத கடற்படைக்காக அச்சிறுவர்கள் வானியலும் கணிதமும் பயின்றனர். 1924 அக்டோபரில் பிரான்சு சோவியத் அரசை அங்கீகரித்தது. கப்பல்களில் பறந்த புனித ஆந்திரேயர் கொடி இறக்கப்பட்டது. 1925இல் பள்ளியும் மூடப்பட்டது.

திரும்பி வந்த தோள்பட்டை

சமத்துவம் கோலோச்சிய காலம் நெடிதன்று. 1935இல் தனிநபர் பதவிப் பெயர்கள் மீண்டன. 1940இல் அட்மிரல் என்ற பெயரும், அதிகாரிகள் இடையில் தொங்கவிடும் குறுவாளும் மீண்டன. 1943 ஜனவரியில் செம்படைக்கும் பிப்ரவரியில் கடற்படைக்கும் தோள்பட்டைகள் திரும்பின. அதே பொன்னிழை, அதே வடிவம். அதை வெறுக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு தலைமுறை அதையே பெருமிதத்துடன் அணியுமாறு ஏவப்பட்டது. ஸ்டாலின்கிராட் போர் முடிவை எட்டிக்கொண்டிருந்த வேளை அது. புரட்சியின் பெயரால் மட்டும் போரிட்ட அரசு, இப்போது நெடிய உருசிய வரலாற்றின் பெயராலும் போரிட விழைந்தது.

போரில் தந்தையை இழந்த சிறுவர்களுக்காக 1943இல் திபிலிசியிலும், 1944இல் லெனின்கிராடிலும், 1945இல் ரீகாவிலும் நகீமவ் பள்ளிகள் எழுந்தன. பள்ளிகளுக்குப் பெயர் தந்த அட்மிரல் நகீமவ், சினோப்பில் வென்றவர். 1855இல் செவஸ்தபோல் முற்றுகையின்போது, எதிரியின் குறிக்கு எளிதில் இலக்காகும் பொன் தோள்பட்டையைக் கழற்ற மறுத்து அரண்களில் உலவியவர் என்று அவர் நினைக்கப்படுகிறார். அங்கேயே குண்டடி பட்டு மாண்டார். தோள்பட்டையை மீட்டெடுத்த அரசு, தோள்பட்டையால் புகழ்பெற்ற ஒருவரின் பெயரை அநாதைச் சிறுவர்களின் பள்ளிக்கு இட்டது தற்செயல் அன்று. அவர்களின் கறுப்புத் தோள்பட்டையில் நகீமவின் முதலெழுத்து பொறிக்கப்பட்டது. தந்தையின் இடத்தில் ஓர் எழுத்து நின்றது.

லதோகா ஏரி

சீருடையின் பொலிவை எழுதுவோர் பெரும்பாலும் எழுதாது விடும் இரவு ஒன்று உண்டு. 1941 செப்டம்பரில் ஜெர்மானியர் லெனின்கிராடைச் சூழ்ந்துவிட்டனர். நகரைவிட்டு வெளியேற லதோகா ஏரி ஒன்றே வழி. செப்டம்பர் 16ஆம் நாள் இரவு, 752ஆம் எண்ணுள்ள சரக்குப் படகில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டனர். ஜெர்ழின்ஸ்கி கடற்படைப் பொறியியல் கல்லூரி மாணவர்களும், நீர்வரைவியல் கல்லூரி மாணவர்களும், கடற்படை மருத்துவக் கழகத்தினரும் அவர்களுள் அடங்குவர். ஆற்றுக்கென்று கட்டப்பட்ட படகு அது. ‘அர்யோல்’ என்ற இழுவைக் கப்பல் அதை இழுத்துச் சென்றது. நள்ளிரவுக்குப்பின் புயல் மூண்டது. படகு பிளந்து நீர் புகுந்தது. 17ஆம் நாள் காலை அலைகள் மேல்தளத்திலிருந்தோரை வாரிச் சென்றன. இழுவைக் கப்பலும் உதவிக்கு வந்த பீரங்கிப் படகும் மீட்டவர்கள் 240 பேரளவினரே.

நூல்களில் இந்நிகழ்ச்சி நெடுங்காலம் இடம்பெறவில்லை. வெற்றியின் வரலாற்றில் அதற்கு இடம் இல்லை. கங்கூட், செஸ்மா, சினோப் என்று மூன்று வரிகளுக்கு மூன்று வெற்றிகளைத் தேடிக் கொடுத்தவர்கள், லதோகாவுக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. ஆயினும் அந்த நீரில் மூழ்கியவர்களுள் எத்தனையோ பேர் அணிந்திருந்தது அதே நீல வெள்ளை வரிதான்.

வாணிபக் கடலின் மாணவர்கள்

போர்க்கப்பல் மாணவன் ஒருவன்; வாணிபக் கப்பல் மாணவன் மற்றொருவன். வெளியார் கண்ணுக்கு இருவரும் ஒன்றே. இருவருக்கும் பெயர் கூர்சாந்துதான். 1944 மார்ச்சில், போர் முடியும் முன்னரே, வாணிபக் கடற்படைக்குத் தலைவர்களைப் பயிற்றுவிக்கப் பாதுகாப்புக் குழு முடிவு செய்தது. லெனின்கிராட், ஒடெசா, விளாடிவஸ்டாக் நகரங்களில் உயர் கடற்கல்லூரிகள் உருவாயின. 1954இல் லெனின்கிராடில் இரு கல்லூரிகள் ஒன்றாகி அட்மிரல் மக்காரவ் பெயர் தாங்கின. விளாடிவஸ்டாக் கல்லூரி, சகலின் ஒரு தீவே என்று 1849இல் மெய்ப்பித்த நெவல்ஸ்கோயின் பெயரைப் பின்னர் ஏற்றது. இருவரும் ஜாரின் அதிகாரிகள். தோள்பட்டையோடு அவர்களின் பெயர்களும் திரும்பி வந்தன.

வாணிபக் கல்லூரி மாணவன் போர்வீரன் அல்லன். ஆனால் படைமுறை வாழ்க்கையே அவனுக்கும் வாய்த்தது. விடுதியும் உணவும் உடையும் அரசு தந்தது. காலையில் அணிவகுப்பு, இரவில் ஆள்கணக்கு. படிப்பு முடிகையில் அவன் கடற்படையின் சேமப்படை அதிகாரியாகவும் பதிவு பெற்றான். ஊரகத்திலிருந்து ஒற்றைச் சட்டையுடன் வந்த சிறுவனுக்கு அந்தச் சீருடை முதலில் வீரமன்று; குளிருக்கு ஒரு கம்பளி மேலங்கி, காலுக்கு ஒரு பூட்சு. அதன் பிறகே அது பெருமையாயிற்று.

சின்னங்களின் இலக்கணம் எளிது. கறுப்புத் தோள்பட்டையில் நங்கூரம்; இடக்கையில் கூர்முனை கொண்ட பொன்னிறக் கோடுகள். படிக்கும் ஆண்டு எத்தனையோ அத்தனை கோடுகள். முதலாண்டுக்கு ஒன்று, ஐந்தாம் ஆண்டுக்கு ஐந்து. குழுத் தலைவனாகப் பொறுப்பேற்ற மாணவனுக்குத் தோள்பட்டையில் குறுக்குப் பட்டைகள். இடைவாரின் பித்தளைத் தகட்டில் நங்கூரமும் விண்மீனும். அதை நாள்தோறும் தேய்த்துப் பளபளக்கச் செய்ய வேண்டும். அதிகாரியின் உச்சித் தொப்பியில் பொன்னிழையால் வேய்ந்த சின்னத்தை மாணவர்கள் ‘நண்டு’ என்றனர். அந்த நண்டைப் பிடிக்கவே ஐந்தாண்டு வலை வீசினர்.

இந்த இலக்கணம் ஆண்களுக்காக எழுதப்பட்டது. அதன் விதிவிலக்காக நிற்பவர் அன்னா ஷெத்தீனினா. 1908இல் விளாடிவஸ்டாக் அருகே பிறந்து, அந்நகரின் கடற்தொழிற்பள்ளியில் பயின்றவர். 1935இல், தம் இருபத்தேழாம் வயதில், ‘சவீச்சா’ என்ற சரக்குக் கப்பலை ஹாம்பர்கிலிருந்து கருங்கடல், சிங்கப்பூர் வழியாகக் கம்சாத்காவுக்குத் தலைவராக இருந்து செலுத்தினார். பெருங்கடற் கப்பலுக்குத் தலைமை தாங்கிய முதற்பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடிற்று. பிற்காலத்தில் விளாடிவஸ்டாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, கோடுகள் ஏறிய கைகளோடு அமர்ந்த இளைஞர்களுக்குக் கப்பலோட்டக் கற்பித்தார்.

மாணவர் எழுதிய உரை

ஒழுங்குமுறை அரசின் நூல் எனின், அதற்கு மாணவர்கள் எழுதிய உரை ஒன்றும் உண்டு. அது அச்சேறாதது, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

புதிய கழுத்துப்பட்டை அடர்நீலமாக இருக்கும். அடர்நீலம் என்றால் நேற்று வந்தவன் என்று பொருள். ஆகவே அதை வெளுக்கும் தூள் கரைத்த நீரில் ஊறவைத்து, பல கடல்களின் வெயிலும் உப்பும் தின்றது போன்ற வெளிர்நீலத்தை வருவித்தார்கள். கால்சட்டை, விதி சொன்ன அகலத்தில் இருந்தால் நகைப்புக்கிடம். அதை நனைத்து, ‘டார்பிடோ’ என்று அவர்கள் பெயரிட்ட ஒட்டுப்பலகை அச்சின்மேல் இழுத்துக் காயவைத்து, பெல்பாட்டமாக விரித்தார்கள். தொப்பியின் உள்வளையத்தை எடுத்துவிட்டு அதன் விறைப்பைக் குலைத்தார்கள். நாடாவின் வால் நீளமாகப் பறக்க வேண்டும் என்பது இன்னொரு மரபு. அதிகாரி பிடித்தால் கத்தரிப்பார். மாணவன் மீண்டும் தைத்துக்கொள்வான்.

குளோரின் கரைசலில் தீக்குச்சியைத் தோய்த்து ஒவ்வோர் உடையின் உட்புறத்திலும் தன் பெயரையோ எண்ணையோ எழுதுவதும் வழக்கம். எல்லோரையும் ஒருவராக ஆக்குவதற்கென்று தைத்த துணியில், ஒருவனை ஒருவனாகக் காட்டும் எழுத்து மறைவாக இருந்தது. சீருடையின் வெளிப்புறம் அரசுடையது, உட்புறம் அணிந்தவனுடையது. சோவியத் வாழ்க்கையை அறிய விழைவோர்க்கு இச்சிறு செய்தி பெரிய நூல்கள் பலவற்றினும் கூடுதலாக உரைக்கும்.

இந்த இளைஞர்கள் தம் நாட்டவர் பலருக்கும் கிட்டாத ஒன்றைப் பெற்றிருந்தனர். அது அயல்நாட்டுத் துறைமுகம். போருக்குப்பின் ஜெர்மனியிடமிருந்து கிடைத்த பாய்க்கப்பல்கள் அவர்களின் பள்ளிகளாயின. 1926இல் ‘பதுவா’ என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் 1946இல் ‘குரூசன்ஷ்டேர்ன்’ ஆயிற்று. 1933இல் ‘கோர்ஹ் ஃபோக்’ எனக் கட்டப்பட்டது ‘தவாரிஷ்’ ஆயிற்று. 1976 ஜூலையில் அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக நியூயார்க் துறைமுகத்தில் பாய்க்கப்பல்கள் அணிவகுத்தபோது, இவ்விரு கப்பல்களும் அங்கு நின்றன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஏவுகணைகளுக்கு மாறாகச் சோவியத் நாட்டின் முகமாக நியூயார்க் மக்கள் கண்டது வரியுடை அணிந்த மாணவர்களை.

பிரிந்த அணிவகுப்பு

1991 டிசம்பரில் ஒன்றியம் கலைந்தது. விண்மீன் போயிற்று, நங்கூரம் நின்றது. 1992இல் உருசியக் கடற்படைக்குப் புனித ஆந்திரேயர் கொடி மீண்டது. பிசர்த்தாவில் இறக்கப்பட்ட கொடி அதுதான். ‘தவாரிஷ்’ உக்ரைனிடம் சேர்ந்து, பழுதுற்று, 2003இல் ஜெர்மனியின் ஷ்ட்ரால்சுண்ட் நகருக்குத் திரும்பிப் பழைய பெயரை மீண்டும் ஏற்றது. தோழர் என்று பொருள்படும் பெயர் அதன் பக்கவாட்டிலிருந்து அழிந்தது.

கிரிமியாவில் செவஸ்தபோல் நகரிலிருந்த நகீமவ் கடற்படைக் கல்லூரி 1937இல் தொடங்கியது. ஒன்றியம் கலைந்தபின் உக்ரைனுடையதாயிற்று. 2014 மார்ச்சில் கிரிமியாவை உருசியா கைக்கொண்டபோது, கல்லூரி முற்றத்தில் உக்ரைனியக் கொடி இறங்கி உருசியக் கொடி ஏறிற்று. வரிசையிலிருந்து விலகி நின்ற மாணவர் குழு ஒன்று உக்ரைனிய நாட்டுப்பண்ணைப் பாடியது. அவர்கள் பின்னர் ஒடெசா சென்று படிப்பைத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் அங்கேயே நின்றார்கள். நேற்றுவரை ஒரே அறையில் உறங்கியவர்கள்; ஒரே உடை உடுத்தவர்கள். எந்தச் சின்னத்தைப் பிய்ப்பது, எதைத் தைப்பது என்ற 1917ஆம் ஆண்டின் வினா, இருபது வயதைக்கூடத் தாண்டாத இளைஞர்கள் முன் மீண்டும் வந்து நின்றது. பின்னர் மூண்ட போரில் இரு கரைகளிலும் அதே கடற்கல்வி மரபின் பிள்ளைகள் நிற்கின்றனர் என்பது இவ்வரலாற்றின் மிகத் துயரமான பக்கம்.

நேவா ஆற்றங்கரையில், பழைய கடற்படைப் பள்ளிக்கு எதிரே, 1873இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை ஒன்று உண்டு. 1803 முதல் 1806 வரை உலகைச் சுற்றி வந்த முதல் உருசியப் பயணத்தின் தலைவரும், பின்னாளில் அப்பள்ளியின் இயக்குநருமான குரூசன்ஷ்டேர்னின் சிலை. சோவியத் காலத்தில் ஃப்ரூன்சே பெயர் தாங்கிய அக்கல்லூரியின் மாணவர்கள், பட்டம் பெறும் நாளுக்கு முந்தைய இரவில், அச்சிலையின் மேல் ஏறி, பல துணிகளை இணைத்துத் தைத்த பெரிய வரியுடையை அதற்கு அணிவிப்பது வழக்கமாயிற்று. தடை உண்டு, காவலும் உண்டு. ஆயினும் வழக்கம் நின்றபாடில்லை. மறுநாள் அவர்கள் தோளில் பொன்பட்டையும் இடையில் குறுவாளும் ஏறும். அதற்குமுன், தோள்பட்டையும் பதவியும் உடைய அட்மிரலை ஓரிரவேனும் வரியுடைக்காரனாக, தங்களில் ஒருவனாக ஆக்கிவிடுகிறார்கள்.

அரசுகள் தோள்களில் எழுதின, அழித்தன, மீண்டும் எழுதின. தோளுக்குக் கீழே, நெஞ்சை ஒட்டிக் கிடந்த வரியை மட்டும் எவரும் அழிக்கத் துணியவில்லை. அவ்வரிக்கு அரசு பொருள் சொல்லவில்லை. அணிந்தவர்களே சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் அது நிலைத்தது.